நல்லபடியாகச் சொன்ன கடைகள்

சனிக்கிழமை என்னைப் பற்றி விசாரிக்க வருகிறார்கள் என்பது புதன்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வரும் நாளை முன்கூட்டிச் சொல்வதில்லை. பெண் குடியிருக்கும் தெருவில் இறங்குவார்கள். டீக்கடையில் ஒரு டீ குடிப்பார்கள், எதிர்க்கடையில் ஏதாவது வாங்குவார்கள், அப்படியே பேச்சுவாக்கில், "இங்க ஒரு பொண்ணு குடியிருக்கே, எப்படி?" என்று கேட்பார்கள். இதெல்லாம் ரகசியமாக நடக்க வேண்டும். ஆனால் ஒருமுறைகூட ரகசியமாக நடந்ததில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமா வாடகைக் காருக்குச் சொல்லி வைத்த டிரைவருக்கு எங்கள் ஊரில் ஒரு தங்கை இருந்தாள்.

அம்மா பூதலூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் கிராமத்திலிருந்து போன் செய்தாள்.

"மாப்பிள்ளையோட அம்மாவும் மாமாவும் வர்றாங்களாம். நீ அன்னைக்கு ரூமுல இருக்காத. அளவுக்குப் போயிரு. ஆனா அதுக்கு முன்னாடி அங்க நாலு பேருகிட்ட ஒரு வார்த்த சொல்லி வையி."

"என்னன்னு சொல்றது?"

"நல்லபடியா சொல்லச் சொல்லு. வேற என்ன?"

இந்தச் சம்பந்தம் அம்மாவுக்கு மட்டும் வேண்டியிருந்தது என்று எழுதினால் அது பொய். எனக்கும் வேண்டியிருந்தது. அவர் மன்னார்குடிப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். உறவினர் கல்யாண மண்டபத்தில் பதினைந்து நிமிடம் பேசினோம். சர்வேயர் வேலை பெண்ணுக்குச் சரிப்படுமா என்று கேட்காத முதல் ஆள் அவர். "வயக்காட்டுல நிக்கறப்போ மதியம் எங்க சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். வரப்பில் உட்கார்ந்து என்றேன். "நிழல் இருக்குமா?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த இரண்டு வரன்களை நான் போட்டோகூடப் பார்க்காமல் வேண்டாம் என்றேன்.

நான் நில அளவர். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்புமாக இருந்தவர்கள். இப்போது ஒன்றரை ஏக்கர் சொந்தமாகச் செய்கிறார்கள். அந்த ஒன்றரை ஏக்கரின் புலப்படத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியது நான்தான். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும்.

அளவுக்கு விடியற்காலையில் கிளம்ப வேண்டியிருப்பதாலும், எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் ஏழு மணிக்கே போய்விடுவதாலும், தஞ்சாவூரில் கரந்தைப் பக்கம் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். மூன்று வருடமாகிறது. வடவாற்றுப் பாலத்திலிருந்து என் தெரு முனைவரை நடந்தால் பத்து நிமிடம். நான் தின்பது, குடிப்பது, நடப்பது எல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் அடங்கும். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கப்போவதும் அதற்குள்தான்.

வியாழக்கிழமை காலையில் முதலில் டீக்கடைக்குப் போனேன். பாலத்துக்கு இந்தப் பக்கம், ஆட்டோ ஸ்டாண்டை ஒட்டிய கடை. டீ போடுபவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு மணிக்குப் பால் முதல் கொதி கொதித்து இறங்கியிருக்கும். அந்த நேரத்து டீக்குத்தான் நான் போவேன். கடைக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சு. மூன்று வருடத்துக்கு முன்னால் நான் அதில் முதல்முறை உட்கார்ந்தபோது, உட்கார்ந்திருந்த நாலு பேரும் எழுந்துகொண்டார்கள். மரியாதையா, கூச்சமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெஞ்சு முழுக்க எனக்கு. நாலு ஆண்கள் நின்றுகொண்டு குடிக்க, நான் மட்டும் நடுவில் உட்கார்ந்து, சூட்டோடு சூடாக விழுங்கிவிட்டு ஓடினேன். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். இரண்டாவது வாரம் ஒருவர் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது மாதம் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு ஆட்டோக்காரர் பேப்பரைப் பிரித்து நடுத்தாளை என்னிடம் நீட்டினார். அன்று நான் ஆபீஸ் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன். அம்மா டீ குடித்ததெல்லாம் வரப்பில் நின்று, தூக்குவாளியிலிருந்து ஊற்றியது. கடைப் பெஞ்சில் ஒருநாளும் அவள் உட்கார்ந்ததில்லை.

"அண்ணே, சனிக்கிழமை என்னைப் பத்தி யாராவது வந்து கேப்பாங்க" என்றேன்.

மாஸ்டர் டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை. "கல்யாணமா, சர்வேயர்?"

"அது மாதிரிதான். கொஞ்சம் நல்லபடியா சொல்லுங்க."

"இத வேற சொல்லணுமா? நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்."

பெஞ்சிலிருந்த ஆட்டோக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்றார்.

சாயங்காலம் சூப்பு வண்டி. பாலம் இறங்கி ஆற்றங்கரைப் பாதை தொடங்கும் இடத்தில் நிற்கும். வண்டியின் முன்பக்கம் வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டியிருக்கும். வாழைத்தண்டு சூப்பு, முடக்கத்தான் சூப்பு, கொள்ளு சூப்பு என்று மூன்று பானை. வெயிலில் நின்றுவிட்டு வரும் நாட்களில் எனக்கு வாழைத்தண்டு. மிளகுத்தூளைக் கேட்காமலே இரண்டு மடங்கு போடுவார். குடித்துவிட்டு ஆற்றங்கரையில் மதகுவரை நடந்து திரும்புவேன். ஆவணி மாதம், ஆற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போகும். அந்தப் பக்கம் நாற்றங்கால் பச்சை, இந்தப் பக்கம் வீடுகளின் பின்சுவர்கள், துவைத்து விரித்த துணிகள். அந்த நடையைப் பற்றி அம்மாவிடம் ஒருமுறை சொல்லி மாட்டிக்கொண்டேன்.

"எங்க போற?"

"எங்கயும் இல்லம்மா. சும்மா நடக்கறேன்."

"பகலெல்லாம் நடக்கறதுதானே உன் வேல? எங்கயும் போகாம எதுக்குடி நடக்கற?"

வேலைக்காக நடக்கும்போது ஒவ்வொரு அடியும் யாருக்காவது சொந்தம். இந்த நடையில் ஒரு அடியும் யாருக்கும் சொந்தமில்லை. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

நான் சொன்னதைச் சூப்புக்காரர் கேட்டுக்கொண்டு, "நல்லபடியாத்தானே? சொல்லிருவோம்" என்றார்.

கடைசியாக இட்லிக்கடை அக்கா. என் தெரு முனையில், வீட்டு முன்பக்கத் தகரக் கொட்டகைதான் கடை. இரண்டு மேசை, நாலு பெஞ்சு. மற்ற நாட்களில் சாம்பாரும் சட்னியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் குழைய வேகவைத்து, தேங்காயும் கசகசாவும் சோம்பும் அரைத்து விட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிவார். இட்லியை அதில் தொட்டுக்கொள்வது போதாது, மூழ்கடிக்க வேண்டும். ஞாயிறு ஏழு மணிக்குள் போகாவிட்டால் பாத்திரத்தில் அடி மட்டும்தான் மிஞ்சும்.

"நீ கவலப்படாத பாப்பா" என்றார் அக்கா. "உன்னப் பத்தி நான் சொல்றதுல அவங்க அன்னைக்கே தாலிய எடுத்துக்கிட்டு வந்துருவாங்க."

நிம்மதியாக அறைக்குப் போனேன். மூன்று வருடமாக என்னைத் தினமும் பார்க்கும் மூன்று பேர். இவர்களைவிட யாருக்கு என்னைத் தெரியும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அம்மாபேட்டைப் பக்கம் ஒரு மனை உட்பிரிவு. அண்ணன் தம்பி இருவர், நடுவில் ஒரு வேப்பமரம். கருவியை நிறுத்திவிட்டுப் போனைப் பார்ப்பேன். அளவைக் குறித்துவிட்டுப் போனைப் பார்ப்பேன். ஒரு அழைப்பும் இல்லை. ஒரு பக்கத்தை இரண்டுமுறை தப்பாக எழுதி, மூன்றாவதுமுறை அளக்கச் சொன்னபோது தம்பிக்காரர், "மேடம், மரம் அவருக்கே போவுதுன்னா நேரா சொல்லிருங்க" என்றார்.

நாலரை மணிக்குப் பாலத்தருகே பஸ்ஸிலிருந்து இறங்கியதும், மாஸ்டர் கடையை விட்டு வெளியே வந்தே கையை ஆட்டினார்.

"வந்தாங்க. ஒரு அம்மா, வெள்ள வேட்டி கட்டுன ஒருத்தரு. ஆளுக்கொரு டீ. அவருதான் கேட்டாரு, ‘இங்க ஒரு சர்வேயர் பொண்ணு இருக்காமே’ன்னு. நான் உடனே புடிச்சுக்கிட்டேன்ல."

"என்ன சொன்னீங்கண்ணே?"

"அந்தப் புள்ள கடைப்பக்கமே எட்டிப் பாக்காதுன்னேன். ஆபீஸு உண்டு, ரூமு உண்டு. தல குனிஞ்சு போவும், தல குனிஞ்சு வரும். டீ குடிக்கிற பழக்கமே கெடையாதுன்னு அடிச்சுச் சொன்னேன்."

"நானும் சாட்சி சொன்னேன்" என்றார் பெஞ்சிலிருந்த ஆட்டோக்காரர். "மூணு வருசமா இந்த ஸ்டாண்டுல இருக்கேன், அந்தப் பொண்ணு மொகத்தையே பாத்ததில்லன்னுட்டேன்." சொல்லிக்கொண்டே, வழக்கம்போல நடுத்தாளை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கிக்கொள்ளவில்லை. டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சூப்பு வண்டிக்கு நடந்தேன். ஓடினேன் என்றும் சொல்லலாம்.

"கேட்டாங்க, கேட்டாங்க" என்றார் சூப்புக்காரர். "ஆத்தங்கரைக்கெல்லாம் வருமான்னு கேட்டாரு அந்தாளு. அந்தப் பொண்ணா, இந்தத் தெசையிலயே பாத்ததில்லீங்க, தல குனிஞ்சு போவும், தல குனிஞ்சு வரும்னேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாதா படத்துக்கு முதுக காட்டிக்கிட்டுத்தான் சொன்னேன்."

"தலை குனிஞ்சுன்னு யாருண்ணே சொல்லச் சொன்னது?"

"மாஸ்டர் போன் பண்ணிட்டாருல்ல. நான் இப்படிச் சொல்லிருக்கேன், நீயும் மாத்தாம சொல்லுன்னாரு."

அக்கா கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். முகமெல்லாம் வெற்றி.

"அந்த அம்மா ரொம்பக் கெட்டிக்காரி பாப்பா. சமையல் தெரியுமான்னு கேட்டாங்க. நம்ம கட இட்லி எப்படியிருக்கும்னே அதுக்குத் தெரியாதுன்னேன், தானே பொங்கித் தானே திங்கும். வத்தக்குழம்பு வச்சா தெருவே மணக்கும்னேன்."

"எனக்கு வத்தக்குழம்பு வைக்கத் தெரியாதேக்கா."

"இன்னும் நாள் இருக்குல்ல? கத்துக்க."

மூன்று பேர் மீதும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு நிற்க இடமில்லை. நல்லபடியாகச் சொல்லுங்கள் என்று கேட்டது நான். ஒரு பெண்ணைப் பற்றி நல்லபடியாகச் சொல்வதென்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எத்தனையோ பெண்களைப் பற்றி எங்கள் தெருவிலும் அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் தங்களிடம் இருந்ததிலேயே உயர்ந்த பாராட்டை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாராட்டில் நான் எங்குமே இல்லை. பெஞ்சில் இல்லை, கரையில் இல்லை, கொட்டகையில் இல்லை.

ஆறு மணிக்கு அம்மா அழைத்தாள். பேச முடியாமல் அழுதாள்.

"அவ்வளவு அடக்கமான புள்ளையாம். டவுன்ல தனியா இருந்தும் கட கண்ணி போகாத புள்ளையாம். அந்த மாமா வாயிலேருந்தே வந்துச்சு. புதன்கிழம பூ வைக்க வர்றாங்க, பதினோரு பேரு. அப்பா இப்பவே பந்தலுக்கு ஆள் பாக்கப் போயிட்டாரு."

"அம்மா, அவங்க சொன்னது…"

"எல்லாம் தெரியும். நீ புதன்கிழம வரைக்கும் தெருவுல தலையக் காட்டாத. அவ்வளவுதான் உன்கிட்ட கேக்கறேன்."

ஏழு மணிக்கு அவரே அழைத்தார். மண்டபத்துக்குப் பிறகு நாங்கள் பேசுவது அது மூன்றாவது முறை.

"மாமா ரொம்ப சந்தோஷமாப் பேசினாரு. நீங்க டீயே குடிக்க மாட்டீங்களாமே?" சிரித்துக்கொண்டே கேட்டார்.

சொல்லியிருக்கலாம். ஒரு வரி. ஒரு நாளைக்கு மூன்று டீ குடிப்பேன் என்று.

"அப்படியா சொன்னாங்க?" என்றேன். அதோடு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். போனை வைத்த பிறகு என் காது சூடாக இருந்தது. கடைக்காரர்கள் எனக்காகச் சொன்ன பொய்யை, இப்போது நானும் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறப்பதற்குள் சத்தம் இறங்கிப் போய்விட்டது. வாசலில் ஒரு பிளாஸ்க். எட்டிப் பார்த்தால் மாஸ்டர் தெருவில் நின்றுகொண்டு, மேலே பார்க்காமலே சொன்னார்: "நான் வரல. நீங்க குடிக்கல."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டில் முனையில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தேன். அதே டீதான். அதே கசப்பு, அதே சர்க்கரை. ஆனால் திருடித் தின்பது போலிருந்தது. அவர் அன்போடு சுமந்து வந்தது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் தாங்கவில்லை. இன்று மாடிப்படியில் பிளாஸ்க். நாளை மன்னார்குடியில் எந்தக் கதவுக்குப் பின்னால்?

பிளாஸ்க்கை மூடினேன். சுடிதார் மாற்றிக்கொண்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். டீக்கடைப் பலகையில் வைத்தபோது மாஸ்டர், "ஏன், ஆறிப்போச்சா?" என்றார்.

"இல்லண்ணே. நாளையிலேருந்து இங்கயே குடிச்சுக்கறேன்."

அங்கிருந்து நேராக அக்கா கடைக்கு. என்னைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறியது. ஆனாலும் தட்டு வந்தது. நாலு இட்லி, அது மூழ்க மூழ்கக் கடப்பா. இரண்டாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தார்.

"எந்திரி. அந்த அம்மா வருது. தெரு முனையில வருது. அடுப்படி வழியா கொல்லைக்குப் போயிரு."

திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மாதான், கல்யாண மண்டபத்தில் பார்த்த முகம். மாமா இல்லை, கார் இல்லை. தோளில் ஒரு துணிப்பை, தனியாக, நடந்து வந்துகொண்டிருந்தார்.

"எந்திரி பாப்பா. தட்ட நான் எடுத்துக்கறேன்."

எழுந்திருக்க ஒரு நொடி போதும். அடுப்படி நாலு அடி தூரம். கொல்லையில் அடுத்த தெருவுக்குப் போகும் வழி இருந்தது. பந்தலுக்கு ஆள் பார்க்கப் போன அப்பாவை நினைத்தேன். நிழல் இருக்குமா என்று கேட்ட குரலை நினைத்தேன். உட்கார்ந்தே இருந்தேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன். கால் வரவில்லை என்பதும் உண்மை. வரவேண்டாம் என்று நான் நினைத்ததும் உண்மை.

அந்த அம்மா கொட்டகைக்கு வெளியே நின்றார். என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். என் விரலெல்லாம் கடப்பா.

"இது வேற பொண்ணுங்க" என்றார் அக்கா, அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே. "நேத்து நீங்க கேட்டது வேற."

"இல்லம்மா" என்றேன். "நான்தான்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, எனக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். "எனக்கும் ரெண்டு வைங்க" என்றார். சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டிலேயே கண்ணாக இருந்தார். எனக்கு மிச்ச இட்லி இறங்கவில்லை. விட்டால் தப்பாகிவிடும் என்று மென்று விழுங்கினேன். கை கழுவிய பிறகு, "பஸ் ஸ்டாப்பு எந்தப் பக்கம்? நீயும் வா" என்றார்.

ரோட்டு வழியாகப் போகலாம். நான் ஆற்றங்கரை வழியாகக் கூட்டிப் போனேன். எப்படியும் தெரிந்துவிட்டது, எல்லாமே தெரியட்டும் என்றிருந்தது.

"நேத்து தங்கச்சி வீட்டுல தங்கிட்டேன்" என்றார் நடந்துகொண்டே. "எங்க அண்ணனுக்கு மனசு நெறஞ்சு போச்சு. எனக்குத்தான் என்னவோ மாதிரி இருந்துச்சு. டீக்கட, சூப்பு வண்டி, ரெண்டு பேரும் தல குனிஞ்சு போவும், தல குனிஞ்சு வரும்ங்கறாங்க. ஒரு எழுத்து மாறல. நான் நடவு நட்டவ. ஆள் கூட்டிக்கிட்டுப் போறவ சொல்லிக் குடுத்தாத்தான் பத்து பொம்பளைங்களும் ஒரே வார்த்தைய சொல்லுவோம். உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? உங்க அம்மாவா?"

எல்லைக் கல் எங்கே இருந்தது என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் ஒரே வாக்கியத்தில் சொன்னால் நானும் அப்படித்தான் சந்தேகப்படுவேன். என் விஷயத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

"நான்தாங்க அவங்ககிட்ட போனேன்."

"கடைக்கே வராதுன்னு சொல்லச் சொன்னியா?"

"இல்லங்க. நல்லபடியா சொல்லுங்கன்னு சொன்னேன்."

அவர் நின்றார். சிரிப்பு மாதிரி ஏதோ முகத்தில் வந்து, வெளியே வராமல் போய்விட்டது.

"தினம் இங்க நடப்பியா?"

"மதகு வரைக்கும்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல."

"பயமா இருக்காது?"

"மொதல்ல இருந்துச்சு."

தலையை ஆட்டிக்கொண்டார். பஸ் நிறுத்தம் கண்ணில் படும் இடத்துக்கு வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"இங்க பாரு. நான் இன்னைக்கு இந்தத் தெருவுக்கு வரல. உன்னப் பாக்கல. எங்க அண்ணனுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். அவரு ஒத்த சொல்லு போதும், எங்க வீட்டுல எல்லாம் நின்னுரும். புதன்கிழம சொன்னபடி வர்றோம்."

நான் ஆசைப்பட்டதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. பதினோரு பேர், பூ, அவர். சரிங்க என்று சொன்னால் போதும். ஆனால் அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோதே எனக்குத் தெரிந்தது: இவரும் என்னைப் பார்த்ததில்லை என்று சொல்லப்போகிறார். அந்த வீட்டுக்குப் போன பிறகும், யாரும் பார்க்காத அந்தப் பெண்ணாகத்தான் நான் இருக்க வேண்டும். இவர் என் ரகசியத்துக்குக் காவல், அது எப்போது வெளியே வருமோ என்று இவருக்குப் பயம்.

"வேண்டாங்க" என்றேன். "பாத்தத சொல்லிருங்க."

"நின்னுரும்னு சொல்றேன்ல?"

"உங்க மகன்?"

"அவன் மாமன் பேச்ச மீறினதில்ல. இதுவரைக்கும் இல்ல."

"சொல்லிருங்க. உக்காந்து சாப்பிட்டுச்சு, ஆத்தங்கரையில நடந்துச்சுன்னு சொல்லிருங்க. அதுக்கப்புறம் வந்தா வாங்க."

அவர் என் கையை விட்டார். கோபமா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு போன் இல்லை. மாப்பிள்ளையும் அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை. திங்கட்கிழமை அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நல்ல பேரு தானா வந்து வாசல்ல விழுந்துச்சு" என்றாள். "அத எடுத்துத் தெருவுல போட்டுட்டியேடி."

"அது என் பேரு இல்லம்மா."

"யாரு பேரா இருந்தா என்ன? பூ வச்சதுக்கு அப்புறம் நீ உன் பேர வச்சுக்கிட்டிருக்கலாம்ல."

வராதே என்று அவர்களும் சொல்லவில்லை, வருகிறோம் என்றும் சொல்லவில்லை. அதனால் புதன்கிழமை ஊரில் பந்தல் இருந்தது. சமையல் இருந்தது. பத்தரைக்கு நேரம் குறித்திருந்தார்கள். பத்தே முக்கால் ஆயிற்று. அப்பா மூன்றுமுறை ரோடுவரை போய்விட்டு வந்தார். மூன்றாவதுமுறை திரும்பியபோது சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வெறும் துண்டோடு உட்கார்ந்தார். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் வெற்றிலையை எடுத்து எடுத்து அடுக்கினாள். பட்டுப்புடவையில் நான் வியர்த்து நனைந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சொன்னதை இன்னொருமுறை சொல்லச் சொன்னால் சொல்வேனா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்வேன் என்றுதான் ஒவ்வொருமுறையும் பதில் வந்தது. ஆனால் ஒவ்வொருமுறையும் கொஞ்சம் தாமதமாக வந்தது.

பதினொன்றுக்கு வேன் நின்ற சத்தம் கேட்டது. அப்பா சட்டையை எடுக்க ஓடினார். இறங்கியது நாலு பேர். அவருடைய அம்மா, அந்த அம்மாவின் தங்கை, உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர். வெள்ளை வேட்டி மாமா இறங்கவில்லை. அவருக்காக எடுத்து வைத்திருந்த நாற்காலியை அப்பா ஒன்றும் கேட்காமல் உள்ளே தூக்கிப் போனார்.

என்னை மணையில் உட்கார வைத்தார்கள். அந்த அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்று, பூச்சரத்தை என் தலையில் வைத்து ஹேர்பின்னைச் செருகினார். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"சொல்லிட்டேன். அண்ணன் வரல. கல்யாணத்துக்கும் வர மாட்டேன்னுட்டாரு. அவரு இல்லாம எங்க வீட்டுல ஒரு காரியம் நடந்ததில்ல." மூச்சு விட்டார். "உன் வீட்டுக்காரன் நேத்து மாமன்கிட்ட எதுத்துப் பேசிட்டான். நான் பெத்ததுலேருந்து அவன் அப்படிப் பேசி நான் பாத்ததில்ல."

அதில் பெருமை இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது பின்னைச் செருகும்போது கொஞ்சம் அழுத்திவிட்டார். பின் தலையில் குத்தியது. நான் அசையவில்லை.

"சரிங்க அத்தை" என்றேன்.